மூன்றாம் வளைவில் பாதி ஈரம்

போன மாதம் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் படப் பிரிவில் சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை. "மேடம், ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். உங்க பேர் எழுதின நெகட்டிவ் பெட்டி நெறைய இருக்கு. ஸ்கேன் பண்ணிட்டு உங்களுக்கே அனுப்பிடட்டுமா?" என்று கேட்டாள். அனுப்புங்கள் என்றேன். போனை வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, "ஒரு சுருள்ல முப்பத்தாறு படம்தானாமே. அத வச்சுக்கிட்டு ரேஸ் எப்படி மேடம் எடுத்தீங்க?" என்றாள். அவளுடைய கேமரா ஒரு நொடியில் இருபது படம் எடுக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; கொஞ்சம் முந்திரித் தோப்பும் உண்டு. திருச்சியில் இயற்பியல் படித்துவிட்டு அங்கேயே ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு மோட்டார் மாத இதழுக்குப் புகைப்படக்காரர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஆணா பெண்ணா என்று அதில் போடவில்லை. அதனால் மனுப் போட்டேன். அப்பா மட்டும், "கார் ஓட்டத் தெரியுமான்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்றார். யாரும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

படப் பிரிவின் தலைவர் சந்தானம் சார். ஒல்லியான மனிதர். முதலாளியிலிருந்து டீ கொண்டுவருபவர் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். திட்டும்போதும் அதே மரியாதை. அதனால் திட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். ஒரு படம் அவருக்குப் பிடித்துவிட்டால் "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

நான் முதன்முதலாக எடுத்துவந்த பந்தயப் படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாம் துல்லியமாக இருந்தன. டயரில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது.

"இந்த வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றார்.

"ஓடுது சார். ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஷட்டர்ல எடுத்தேன்."

"அதான் நிக்குது. நிக்கற வண்டிக்கு எதுக்குங்க பந்தயம்?"

அன்றைக்குத்தான் பழைய கார்களை எடுக்கும் முறையைக் கற்க ஆரம்பித்தேன். நூறு மைல் வேகத்தில் போகிற புதிய வண்டிகள் அல்ல இவை. சுதந்திரத்துக்கு முன் வந்த வண்டிகள். பந்தயத்துக்காக மட்கார்டைக் கழற்றியிருப்பார்கள். நான்கு சக்கரமும், அவற்றின் கம்பிகளும் வெளியே தெரியும். அந்தக் கம்பிகள்தான் வண்டியின் வேகத்தைச் சொல்பவை. ஷட்டரை அறுபதில் ஒரு பங்கில் வைத்துக்கொண்டு, வண்டி வருகிற திசைக்கு இடுப்பைத் திருப்பி நின்று, அதன் வேகத்துக்கே கேமராவையும் சுழற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் சுழற்சியை நிறுத்தக் கூடாது. சரியாக வந்தால் ஓட்டுகிறவர் முகம் தெளிவாக நிற்கும். பின்னணி கோடுகோடாக ஓடும். சக்கரக் கம்பிகள் கலந்து ஒரு தட்டுப்போலத் தெரியும். பத்துக்கு ஒன்று தேறினால் பெரிது. அந்தப் பெண் கேட்ட முப்பத்தாறில் மூன்றோ நான்கோ இப்படித்தான் கிடைத்தன.

சந்தானம் சாருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தயத்துக்கு முதல் நாள் கேமரா இல்லாமல் பாதை முழுவதையும் நடப்பார். எங்களையும் நடக்கவைப்பார். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழும், வண்டி எங்கே வழுக்கும், வழுக்கினால் நாம் எந்தப் பக்கம் ஓடுவது. "ஓடறதுக்கு எடம் பார்த்துட்டுத்தான் நிக்கறதுக்கு எடம் பாக்கணும்" என்பார். படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் அவர் சொன்ன கட்டளை ஒன்றுதான்: "படத்துல இருக்கறத எழுதுங்க. இல்லாதத எழுதாதீங்க." அச்சுக்குப் படத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஓரத்தில் யாராவது தும்மிக்கொண்டு நின்றாலும் அவரும் அச்சில் வருவார்.

இனி நான் சொல்லப்போவது நடந்தபோது, என் கழுத்தில் இரண்டு கேமராக்கள் தொங்கின. டிஜிட்டல் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதை வாங்கச் சொன்னவர் சந்தானம் சார், தயங்கியவள் நான். கடைசியில் நீண்ட லென்ஸ் போட்ட டிஜிட்டல் ஒன்றும், அகல லென்ஸ் போட்ட ஃபிலிம் கேமரா ஒன்றுமாகப் போவது என்று முடிவாயிற்று. ஃபிலிமில் கறுப்பு வெள்ளைச் சுருள். நடுப்பக்கத்துக்கு அதுதான் அழகாக இருக்கும் என்று ஆசிரியருக்கு எண்ணம்.

பந்தயம் அரியலூருக்கு வெளியே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். டிப்பர் லாரிகள் போய்ப் போய் இறுகிய மண்பாதை, பள்ளத்தின் அடியில் பெரிய வளையமாக ஓடியது. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அனுமதி வாங்கிப் பந்தயம் நடத்தியது. ஊர்க்காரர்கள் குடையும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக மேட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வண்டிகள் வராத நேரத்தில் பிள்ளைகள் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

படமெடுப்பவருக்கு அந்த இடம் பெரிய சோதனை. தரை முழுக்க வெள்ளை. கேமராவிலுள்ள ஒளிமானி அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். நான் அதை நம்பாமல் என் உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளவெடுப்பேன். ஃபிலிம் மாற்றும்போது ஒரு துகள் சுண்ணாம்பு உள்ளே போனால் சுருள் முழுக்கக் கோடு விழும்; அதனால் துணிப் பைக்குள் கையை விட்டுத்தான் மாற்றுவேன். டிஜிட்டலில் வேறு தொல்லை. வண்டியின் நிறம் சரியாக வரும்படி வைத்தால் தரை வெறும் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். அதில் அப்புறம் எதையும் மீட்க முடியாது.

அந்த வருடம் எல்லோரும் பார்க்க வந்த வண்டி மெய்யப்பனுடையது. மெய்யப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும், காரைக்குடிப் பக்கம். பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் இங்கிலாந்து வண்டி. அவர் அப்பா வாங்கியது. பல வருடம் கொட்டகையில் கிடந்ததை ஓடவைத்தவர் ஜெயங்கொண்டத்தில் பட்டறை வைத்திருந்த செல்வராசு.

செல்வராசு தா.பழூர்க்காரர். அவருடைய அப்பா அம்மா பிறர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்தவர்கள். இவர் பம்புசெட் மோட்டாரில் ஆரம்பித்து, டிராக்டர், ஜீப் என்று வளர்ந்தவர். எங்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குச் சாமியாரின் பழைய காரை அவர் பிரித்துச் சேர்த்ததைப் பற்றி நான் எங்கள் இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் மெய்யப்பன் அவரைத் தேடிப்போனார். அதன்பிறகு வேறு இரண்டு பழைய கார்களும் அந்தப் பட்டறைக்கு வந்தன. செல்வராசு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒங்களாலதாங்கக்கா" என்பார். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அன்று காலை ஒரு சுற்றுப் பந்தயம் முடிந்திருந்தது. மூன்றாம் வளைவின் வெளி ஓரத்தில் தடுப்பாக இருந்த வைக்கோல் கட்டுகளை யாரோ இடித்துத் தள்ளியதால், விழுந்த கட்டுக்குப் பதில் லாரி டயர்களை அடுக்கினார்கள். புழுதி தாங்கவில்லை. அடுத்த பந்தயத்துக்குமுன் தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போனது. நான் அந்த வளைவின் உட்பக்கம் நின்றிருந்தேன். சும்மா நிற்பானேன் என்று ஃபிலிம் கேமராவை எடுத்து, வண்டிகள் வரப்போகும் காலிப் பாதையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு டிஜிட்டலைக் கையில் எடுத்தேன்.

பச்சை வண்டி முன்னால் வந்தது. வளைவுக்குமுன் மெய்யப்பன் பிரேக் அழுத்தினார். வண்டி சட்டென்று இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே போய், டயர் அடுக்கில் மோதி, ஏறி, கரையில் சாய்ந்து நின்றது. நான் சுழற்றிக்கொண்டே அழுத்தியிருந்தேன். டிஜிட்டலில் ஐந்து படம். பிறகு ஓடினேன்.

மெய்யப்பனுக்கு இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. சுயநினைவு இருந்தது. "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் கொண்டுபோனார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார். நேரத்தை விட்டுக்கொடுக்காதவர்; அன்று இரண்டு மணிக்குள் இடத்தைக் காலி செய்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் என்னிடம் வந்து படம் இருக்கிறதா என்று கேட்டார். பந்தய விதிப்படி கேட்கலாம். கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

படத்தில் ஒன்று தெளிவாகவே தெரிந்தது. இடது முன்சக்கரத்தின் கம்பிகள் கலந்து தட்டாகத் தெரிந்தன, அது சுற்றிக்கொண்டிருந்தது. வலது முன்சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் எண்ணலாம். அது நின்றுபோயிருந்தது.

"வலப்பக்க பிரேக் கவ்விப் பிடிச்சிருக்கு" என்றார் செயலாளர். "பிரேக் யார் வச்சது?"

செல்வராசு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு; வண்டியைத் தூக்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். முன்னால் வந்து திரையைப் பார்த்தார்.

"நாந்தாங்க. நேத்து சாயந்தரம் வலப்பக்கம் கொஞ்சம் டைட் பண்ணேன். பெடல் ஆழமாப் போவுதுன்னு அய்யா சொன்னாரு."

"கொஞ்சம்னா?"

"கூடிப்போயிருக்கும்ங்க. என் தப்புதாங்க."

யாரோ ஒருவர், "டிராக்டர் பட்டறைக்குக் குடுத்தா இப்படித்தான்" என்றார். படம் எடுத்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. தீர்ப்பு முடிந்துவிட்டது.

அந்த வாரமே சங்கத்திலிருந்து அவருக்கு உத்தரவு போனது: இனி அவர் கை வைத்த வண்டி எதுவும் பந்தயத்தில் ஓடக் கூடாது. பட்டறையிலிருந்த மற்ற இரண்டு பழைய கார்களையும் சொந்தக்காரர்கள் லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ரயிலில் சென்னை திரும்பி, செவ்வாய்க்கிழமைதான் இருட்டறைக்குள் போனேன். சுருளைக் கழுவி, காயவைத்து, அந்தக் காலிப் பாதைப் படத்தை முதலில் பெரிதாக்கினேன். தரை வெள்ளையாகவே வந்தது. ஆனால் நெகட்டிவைப் பிடித்துப் பார்த்தால் தரையின் பகுதி ஒரே மாதிரி கறுப்பாக இல்லை. உள்ளே ஏதோ இருந்தது. இரண்டாவது தாளில், மற்ற இடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு தரைக்கு மட்டும் கூடுதலாக ஒளி கொடுத்தேன். தாளைத் தட்டில் போட்டு ஆட்டினேன். பாதை மெதுவாக மேலே வந்தது. வண்டி போகும் திசையில் அதன் வலது பாதி சாம்பல் நிறம். இடது பாதி வெள்ளை. நடுவே ஸ்கேல் வைத்ததுபோல் நேர்க்கோடு.

லாரி பாதையின் ஒரு பாதிக்கு மட்டும் தண்ணீர் தெளித்திருந்தது.

பந்தயத்தன்று அதை நான் உட்பட யாரும் கவனிக்கவில்லை. உச்சி வெயிலில் சுண்ணாம்புத் தரை சில நிமிடத்தில் வெளுத்துவிடும். மோதல் நடந்து எல்லோரும் ஓடிவந்தபோது அந்தக் கோடு இருந்திருக்காது. இருந்திருந்தாலும் கால்கள் அழித்திருக்கும்.

ஈரப் பிரிண்டைத் தட்டோடு சந்தானம் சார் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மூலையிலிருந்து மூலைக்கு வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"பச்சை வண்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி சார்."

"அது உங்களுக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா?"

டிஜிட்டல் படத்தில் மணி பதிவாகியிருக்கும். ஃபிலிமில் அப்படி எதுவும் இல்லை. இது காலையில் எடுத்ததாக இருக்கலாம், எல்லாம் முடிந்த பிறகு எடுத்ததாகவும் இருக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியும். மறுபடி பிரிண்டைப் பார்த்தேன். வளைவின் வெளி ஓரத்தில் லாரி டயர்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. காலைப் பந்தயத்துக்குப் பிறகுதான் அவற்றை வைத்தார்கள். பச்சை வண்டி மோதிய பிறகு அவை சிதறிக் கிடந்தன. ஆக, இரண்டுக்கும் நடுவில்தான் எடுத்திருக்க முடியும். சொன்னேன்.

"சரி" என்றார். "ஈரத்துக்கும் சக்கரம் நின்னதுக்கும் சம்பந்தம் உண்டா?"

"இருக்கும்னு தோணுது சார்."

"தோணறதெல்லாம் வேணாம். எனக்கு பிரேக் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க."

மறுநாள் இரண்டு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போனேன். பட்டறையில் ஒரு நெல் அறுவடை இயந்திரம் பாதி பிரிந்து நின்றது. செல்வராசு அதன் அடியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "வாங்கக்கா" என்றார். நான் படங்களை நீட்டினேன். டிஜிட்டல் படத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"இத நான் பாத்துட்டங்க்கா."

"இன்னொண்ணைப் பாருங்க."

காலிப் பாதையைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. நான் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு திரும்பி என்னிடம், "வண்டி எந்தப் பக்கம் இழுத்துச்சுங்க்கா?" என்றார்.

"இடப்பக்கம்."

"நல்லா நெனப்பு இருக்கா?"

"வெளியில போய்த்தானே டயர்ல மோதுச்சு."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்தார். "பாருங்கக்கா, நான் வலப்பக்கம் கூடுதலா டைட் பண்ணி, காஞ்ச தரையில அது கவ்வியிருந்தா, வண்டி வலப்பக்கந்தான் திரும்பணும். எந்தப் பக்கம் புடிக்கிதோ அந்தப் பக்கம் இழுக்கும்." வலது கையை அழுத்தி நிறுத்தி, உடம்பை வலப்பக்கம் திருப்பிக் காட்டினார். "இது இடப்பக்கம் போயிருக்கு. வலது சக்கரம் சுண்ணாம்புச் சேத்துல நின்னு வழுக்கிக்கிட்டுப் போவுது. அதுக்குப் பிடிப்பே இல்ல. இடது சக்கரந்தான் காஞ்ச தரையில சரியாப் புடிச்சிருக்கு. அது இழுத்துருச்சு."

சொல்லி முடித்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு எனக்கு இது தோணவே இல்லியே" என்றார். "அவரு கால் அப்படி மடங்கிக் கெடந்ததப் பாத்ததும் ஒண்ணும் ஓடல. என் தப்புதான்னு வாயில வந்துருச்சு."

அதோடு அவர் நிம்மதியாகிவிட்டார் என்று எழுதினால் சரியாக இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துப் படத்தின் மேல் மூலையைக் காட்டினார். அங்கே தண்ணீர் லாரியின் பின்பக்கம் சின்னதாகத் தெரிந்தது. நம்பர் பலகையைக்கூடப் படிக்க முடிந்தது.

"இது மீன்சுருட்டி ஊர்க்காரரு வண்டி. எங்கிட்டதான் கிளட்ச் மாத்துவாரு. தண்ணிக் குழாயில பாதி ஓட்டை அடைச்சுக்கிட்டு இருக்கும், எனக்கே தெரியும். இதப் பாத்தா அவரத்தான் புடிப்பாங்க. எனக்குப் பதிலா அவரு. அவருக்கு அந்த ஒரு லாரிதான்." என்னைப் பார்த்தார். "இந்த மூலைய மட்டும் வெட்டிட்டுக் குடுக்க முடியாதாங்க்கா? ஈரந்தானே வேணும். அது தெரியுதே."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. லாரி இல்லாமலும் ஈரம் ஈரம்தான். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சந்தானம் சார் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, லாரி இருக்கும் மூலையை மறைத்துப் பார்த்தார். தாளை எடுத்தார். மறுபடி மறைத்தார். பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, "லாரிக்குப் பக்கத்துல யாருங்க?" என்றார்.

பார்த்தேன். லாரியின் கதவோரம் ஒரு ஆள் நின்று, 'போ, போ' என்று கையை வீசிக்கொண்டிருந்தார். உருவம் கடுகளவுதான். தலையில் வெள்ளைத் தொப்பி.

"செயலாளர் சார்."

"பாதி தெளிச்ச லாரிய அவரு போகச் சொல்றாரு. மூலைய வெட்டினா லாரிக்காரரும் போயிடுவாரு, இவரும் போயிடுவாரு. அப்புறம் யாராவது லாரி நம்பரைத் தேடிக் கண்டுபிடிச்சா, அந்த மீன்சுருட்டிக்காரர் தனியாத்தான் நிக்கணும்." தாளை மடித்துக் கீழே போட்டார். "முழுசா அனுப்புங்க."

இரண்டு படங்களையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பினோம். கூடக் கடிதம் இல்லை. குறிப்பை மட்டும் அவரே எழுதினார். முதல் படத்துக்கு: 'மூன்றாம் வளைவு. டயர்கள் அடுக்கிய பின், மோதலுக்கு முன். வலது பாதி ஈரம்.' இரண்டாவதுக்கு: 'அதே வளைவு. வலது முன்சக்கரம் நின்றிருக்கிறது, இடது சுற்றுகிறது. வண்டி இடப்புறம் போகிறது.' ஒரு நகல் திருச்சி ஆஸ்பத்திரிக்கு, மெய்யப்பனுக்கு.

மெய்யப்பன் மறுநாளே போன் செய்து, "அந்தப் பையனை எல்லாரும் என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று என்னிடம் சத்தம் போட்டார். செல்வராசு நாற்பதைத் தாண்டியவர். சங்கத்திலிருந்து மட்டும் ஒரு பதிலும் இல்லை.

பிறகு ஒருநாள் செயலாளர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். சந்தானம் சார் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வெளியே போகலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று சார் சைகை காட்டினார்.

செயலாளர் பிரிண்டை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "நாந்தான் போகச் சொன்னேன்" என்றார். "வண்டிங்க எல்லாம் ஸ்டார்ட்ல எஞ்சினைப் போட்டுக்கிட்டு நிக்குது. மணி ஆயிடுச்சு. லாரிக்காரர் குழாய் அடைச்சிருக்கு, இன்னொரு நடை வரேன்னு சொன்னார். வேணாம், கெளம்புன்னேன். அப்புறம் அது எனக்கு ஞாபகமே வரல. சத்தியமா வரல."

சந்தானம் சார் பிரிண்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"இத நீங்க இதழ்ல போடப்போறீங்களா?"

"ஆசிரியர் முடிவு பண்ணுவாருங்க. நான் படம் குடுக்கறவன்." பிரிண்டை அவர் பக்கம் நகர்த்தி, "அந்த மெக்கானிக் அத்தன பேர் முன்னாடி சொன்னார்ங்க, என் தப்புன்னு. நீங்க இங்க வந்து எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்றீங்க" என்றார்.

அவ்வளவு மரியாதையாக அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து தானே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். செல்வராசு மீதான தடை நீங்கியது. தண்ணீர் தெளித்தால் பாதை முழுக்கத் தெளிக்க வேண்டும், தெளித்தபின் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும் என்று விதி சேர்த்தார்கள். மீன்சுருட்டிக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இதழில் விதி மாறிய செய்தி நாலு வரி வந்தது, படம் வரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போன அந்த இரண்டு கார்களும் திரும்பி வரவில்லை. செல்வராசு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அறுவடை இயந்திரங்கள் பெருகிவந்த காலம் அது. அவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

டிஜிட்டல் அடுத்தடுத்த வருடங்களில் வெகுவாக மாறிவிட்டது. வெள்ளைத் தரையிலும் ஈரம் தெரிகிற கேமராக்கள் வந்துவிட்டன. நானும் ஃபிலிமை விட்டுவிட்டேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் பந்தயப் பாதையில் யாராவது பின்திரையைக் காட்டச் சொல்லி அவசரமாகக் கை நீட்டினால், அன்றைக்குப் பிறகு நான் படங்களை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றதில்லை. பாதையைப் பார்த்தீர்களா என்று கேட்பேன். சிலர் எரிச்சல்பட்டார்கள்.

மெய்யப்பன் ஏறக்குறைய ஒரு வருடம் கைத்தடியோடு நடந்தார். பச்சை வண்டியின் முன்பக்கத்தை நிமிர்த்தும் வேலையைச் செல்வராசுவிடமே கொடுத்தார். செல்வராசு முதலில் மாட்டேன் என்றார். "ரேஸ் வண்டி இனிமே வேணாம்ங்கய்யா. பயமாருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மெய்யப்பன் வண்டியைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாசலிலேயே கிடந்தால் செல்வராசு எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

வேலை முடிந்த அன்று மெய்யப்பன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பட்டறைக்குப் போனபோது வண்டி வெளியே நின்றது. மெய்யப்பன் கைத்தடியைப் பின்னால் போட்டுவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின் ஏறி உட்கார்ந்தார்.

"செல்வராசு, வாங்க, ஏறுங்க."

"நானா? நான் எதுக்குங்க?"

"நீங்க செஞ்ச பிரேக்கு. நீங்க பக்கத்துல இல்லாம நான் அழுத்த மாட்டேன்."

செல்வராசு என்னைப் பார்த்தார். அத்தனை வருடமாக அந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார், தள்ளியிருக்கிறார், பட்டறைச் சந்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். வேறொருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனதே இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஏறினார்.

மீன்சுருட்டி ரோட்டில் கரும்பு வயல்களுக்கு நடுவே நேரான ஒரு துண்டு உண்டு. நான் அங்கே போய் நின்றேன். முந்தின இரவு மழை பெய்து ரோடு திட்டுத்திட்டாக ஈரமாக இருந்தது. வண்டி வந்தது. மெய்யப்பன் கால் முறிந்த ஆள்போல ஓட்டவில்லை. செல்வராசு ஒரு கையால் கதவையும் ஒரு கையால் முன் பலகையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. எனக்கு நேரே வந்ததும் பிரேக் விழுந்தது. வண்டி நேர்க்கோட்டில், ஒரு பக்கமும் இழுக்காமல், புளியமரத்தடியில் வந்து நின்றது.

மெய்யப்பன் திரும்பி, "எப்படி இருக்கு செல்வராசு, பிரேக்கு?" என்றார்.

செல்வராசு கண்ணைத் திறக்கவில்லை. "மொதல்ல என்னைய எறக்கி வுடுங்கய்யா," என்றார், "அப்புறமாச் சொல்றேன்."